கிட்னி புதுசு, நோய் பழசு: ரத்தம் முன்கூட்டியே சொல்லுமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டுள்ளது.)

வழக்கமா இந்த நேரத்துல சர்வர், டேட்டாபேஸ், ஆப்னு ஏதாவது பேசிட்டு இருப்பேன். இன்னைக்கு விஷயம் கிட்னி. ஒரு சாஃப்ட்வேர் ஆளுக்கு கிட்னியில என்ன வேலைன்னு கேட்டா, காரணம் எங்க வீட்டுல இருக்கு.

எனக்குச் சொந்த ஊர் பெரியதாழை. தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில, மணப்பாட்டுக்கும் உவரிக்கும் நடுவுல இருக்கற ஊர். அங்க என் சித்தி மகன் இருக்கான். வயசு 24. சித்தப்பாவோட நாட்டுப்படகுல கடலுக்குப் போயிட்டு இருந்த பையன். முதல்ல கால் வீங்குச்சு, அப்புறம் முகம். டெஸ்ட் எடுத்தா, சிறுநீர்ல புரதம் கொட்டுது. பயாப்ஸியில வந்த பேரு எஃப்.எஸ்.ஜி.எஸ். மருந்துக்கு அடங்கல. இப்ப வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸ்.

சித்தி தன் கிட்னியைத் தர்றேன்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கு டாக்டர் ரூம்ல நானும் இருந்தேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்ட சித்தி கடைசியா ஒரு கேள்வி கேட்டாங்க.

"டாக்டர், எம் புள்ளைக்கு என் கிட்னிய எடுத்து வைக்கீங்க, சரி. அவன் கிட்னிய அழிச்ச நோய் என் கிட்னிய மட்டும் சும்மா விட்டுருமா?"

டாக்டர் மழுப்பல. "உறுதியா சொல்ல முடியாதும்மா. இந்த நோய்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்குத் திரும்ப வருது" அப்படின்னாங்க.

வெளிய வந்ததும் சித்தி என்கிட்ட, "எய்யா, நீ கம்ப்யூட்டர்ல தேடிப் பாரேன். ரத்தத்த எடுத்துப் பாத்து வருமா வராதான்னு சொல்ல ஒரு டெஸ்டும் இல்லையா?" அப்படின்னாங்க.

அந்தக் கேள்விக்கு நான் தேடிப் போன பதில்தான் இந்த எபிசோட்.

வலையில பழுதா, தண்ணியில பேத்தையா?

முதல்ல கிட்னி எப்படி வடிகட்டுதுன்னு பார்ப்போம். ஒரு கிட்னிக்குள்ள ஏறக்குறைய 10 லட்சம் குட்டி வடிகட்டிகள் இருக்கு. ஒவ்வொண்ணும் ரத்தக்குழாய்களோட ஒரு சின்ன முடிச்சு. அந்த முடிச்சைச் சுத்தி போடோசைட்னு ஒரு வகை செல் உட்கார்ந்திருக்கும். அதுக்கு விரல் மாதிரி நீட்சிகள் உண்டு. பக்கத்துப் பக்கத்து செல்லோட விரல்கள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோர்த்துக்கிட்டு, நடுவுல ரொம்ப மெல்லிய இடைவெளி விட்டிருக்கும். அந்த இடைவெளியைக் கட்டிப் பிடிச்சிருக்கற புரதத்துக்குப் பேரு நெஃப்ரின். வலைக்கண்ணின்னே வெச்சுக்கோங்க. தண்ணியும் கழிவும் கண்ணி வழியா வெளிய போகும். அல்புமின் மாதிரி பெரிய புரதங்கள் ரத்தத்துலயே நிற்கும்.

கண்ணி பிய்ஞ்சா புரதம் ஒழுகும். உடம்பு வீங்கும். நாளாக ஆக, வடிகட்டிகள்ல சிலதுல, அதுலயும் சில பகுதிகள்ல மட்டும் தழும்பு விழும். எஃப்.எஸ்.ஜி.எஸ்.ங்கற பேரோட அர்த்தமே இதுதான். இது ஒரே ஒரு நோயோட பேரு கிடையாது. பயாப்ஸியில தெரியற ஒரு காயத்தோட பேரு. ஒரு புரோகிராம் கிராஷ் ஆனா ஸ்கிரீன்ல வர்ற எரர் மெசேஜ் மாதிரி. மெசேஜ் ஒண்ணுதான், காரணம் பத்து இருக்கலாம்.

இந்த எபிசோடுக்கு ரெண்டு காரணம் போதும். ஒண்ணு, நூல்லயே பழுது. போடோசைட் கட்டுமானத்துக்கான ஜீன்ல பிழை இருந்தா வலை பிறக்கும்போதே பலவீனம். ரெண்டாவது, வலை நல்ல வலைதான், ஆனா தண்ணியில ஏதோ ஒண்ணு அதைக் கடிக்குது. எங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, பேத்தை மீன் வலையில விழுந்தா கண்ணியைக் கடிச்சுக் குதறிடும். அந்த மாதிரி, ரத்தத்துல ஓடுற ஏதோ ஒரு பொருள் வடிகட்டியைச் சேதப்படுத்துது.

முதல் காரணம்னா புது வலை போட்டா பெரும்பாலும் பிரச்சினை தீர்ந்துடும். ரெண்டாவது காரணம்னா, அம்மாவோட கிட்னியை வெச்சாலும் அதே ரத்தம்தான் அது வழியாவும் ஓடும். பேத்தை இன்னும் தண்ணியில இருக்கு. சித்தி கேட்ட கேள்வியோட மருத்துவ வடிவம் இதுதான்.

பழைய நோய் புது கிட்னிக்கு வர்றது எப்படித் தெரிஞ்சுது?

கிட்னி மாற்று சிகிச்சை பிறந்த கதையிலேயே இந்தப் பிரச்சினை இருக்கு. 1954 டிசம்பர் 23 அன்னைக்கு பாஸ்டன்ல ஜோசப் முர்ரே குழு, ரொனால்ட் ஹெரிக் கொடுத்த கிட்னியை அவரோட இரட்டையர் ரிச்சர்டுக்குப் பொருத்தினாங்க. அதுதான் வெற்றிகரமான முதல் கிட்னி மாற்று. ஒரே கரு இரட்டையர்ங்கறதால உடம்பு அதை அந்நியமா நினைச்சு நிராகரிக்கல. ஆனா சில வருஷத்துல ரிச்சர்டோட பழைய கிட்னி நோய் புது கிட்னியிலயும் வந்துச்சு. 1963-ல அவர் இறந்துட்டார். உறுப்பு நிராகரிப்பு வேற, நோய் திரும்புறது வேறங்கறது அப்பவே தெரிஞ்சுபோச்சு.

நம்ம பக்கம் வந்தா, இந்தியாவோட வெற்றிகரமான முதல் கிட்னி மாற்று 1971-ல வேலூர் சி.எம்.சி.யில நடந்தது. அடுத்த வருஷமே, 1972-ல, எஃப்.எஸ்.ஜி.எஸ். நோயாளிகளுக்கு வெச்ச புது கிட்னியில அந்த நோய் திரும்பி வர்றதை அமெரிக்க மருத்துவர்கள் பதிவு பண்ணாங்க. சிலருக்கு அறுவை முடிஞ்சு சில மணி நேரத்துலயே, சில நாள்லயே சிறுநீர்ல புரதம் கொட்ட ஆரம்பிச்சுடும். அவ்வளவு வேகமா வருதுன்னா குற்றவாளி கிட்னிக்குள்ள இல்ல, ரத்தத்துலதான் இருக்கணும்னு சந்தேகம் வலுத்துச்சு.

இதுக்கு நான் படிச்சதுலயே அசத்தலான சாட்சி சிகாகோவுல இருந்து வந்தது. 2012-ல வெளியானது. எஃப்.எஸ்.ஜி.எஸ். இருந்த 27 வயசு இளைஞருக்கு, ஆரோக்கியமான 24 வயசு தங்கை கிட்னி கொடுத்தாங்க. ரெண்டு நாள்லயே நோய் திரும்பிடுச்சு. எந்த மருந்தும் பிடிக்கல. 14-ஆம் நாள் மருத்துவர்கள் அந்தக் கிட்னியை எடுத்துட்டாங்க. குப்பையில போடல. எல்லாரோட சம்மதத்தோட, சர்க்கரை நோயால கிட்னி போன 66 வயசு ஒருத்தருக்கு அதே கிட்னியைப் பொருத்தினாங்க. அவர் உடம்புல அது நல்லா வேலை செஞ்சுது. புரத ஒழுக்கும் அடங்குச்சு. கெட்டுப்போச்சுன்னு எடுத்த வலை, வேற தண்ணியில போட்டதும் தானா சரியாயிடுச்சு. டீபக்கிங் பண்றவங்களுக்கு இது புரியும். கோடை மாத்தல, என்விரான்மென்டை மாத்தினாங்க. பக் போயிடுச்சு.

நான் பிரிண்ட் எடுத்துட்டுப் போன பேப்பர்

அந்தப் பொருள் ரத்தத்துல இருக்குன்னா, அளந்து பார்த்துடலாமே? நானும் அப்படித்தான் நினைச்சேன். ரெண்டு ராத்திரி உட்கார்ந்து தேடினதுல கிடைச்ச பேரு சூபார். 2011-ல நேச்சர் மெடிசின் இதழ்ல வந்த ஆய்வு. எஃப்.எஸ்.ஜி.எஸ். நோயாளிகள்ல மூணுல ரெண்டு பேருக்கு இந்தப் புரதம் ரத்தத்துல அதிகமா இருந்துச்சு. மாற்று சிகிச்சைக்கு முன்னாடியே அதிகமா இருந்தவங்களுக்கு நோய் திரும்புற வாய்ப்பும் கூடுதலா தெரிஞ்சுது. எனக்குச் சந்தோஷம் தாங்கல. பிரிண்ட் எடுத்துட்டு டாக்டரைப் பார்க்கப் போனேன்.

அவங்க பேப்பரைப் புரட்டிட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க. "உங்க தம்பிக்கு இப்ப கிட்னி எவ்வளவு வேலை செய்யுது?"

"ஏறக்குறைய இல்லைன்னே சொல்லலாம், டாக்டர்."

"கிட்னி எந்தக் காரணத்தால கெட்டாலும் சூபார் ஏறும். டயாலிசிஸ்ல இருக்கற எல்லாருக்கும் எடுத்துப் பாருங்க, நிறைய பேருக்கு அதிகமாத்தான் இருக்கும். அப்ப எப்படிப் பிரிப்பீங்க?"

முகத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. ஏன்னா இது என் தொழில்ல நான் தினமும் மத்தவங்களுக்குச் சொல்ற பாடம். சர்வர் தடுமாறும்போது சி.பி.யு. கிராஃப் ஏறும். அதுக்காக சி.பி.யு.தான் காரணம்னு ஆகாது. அது விளைவாவும் இருக்கலாம். 2011-க்கு அப்புறம் வந்த பல ஆய்வுகள் இதையேதான் சொல்லுச்சு. கிட்னியோட செயல்திறனைக் கணக்குல எடுத்துக்கிட்டுப் பார்த்தா, சூபாரை வெச்சு எஃப்.எஸ்.ஜி.எஸ்.ஸை மத்த கிட்னி நோய்கள்ல இருந்து பிரிக்க முடியல. அதனால சூபார் வீண்னு அர்த்தம் இல்ல. 2015-ல வந்த பெரிய ஆய்வு, சூபார் அதிகமா இருக்கறவங்களுக்குப் பிற்காலத்துல கிட்னி செயல் குறையற வாய்ப்பு கூடுதல்னு காட்டுச்சு. அதுக்கு அது பயன்படலாம். சித்தி கேட்ட கேள்விக்கு அது பதில் இல்ல.

2014-ல இன்னொரு குழு, ஒரே ஒரு பொருளைத் தேடாம ஏழு ஆன்டிபாடிகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. நோய் திரும்புறதை 92 சதவீதத் துல்லியத்தோட கணிக்குதுன்னு சொன்னாங்க. மெஷின் லேர்னிங் பண்றவங்களுக்கு இந்த இடத்துல மூக்கு வேர்க்கும். கொஞ்ச நோயாளிகள், நிறைய அளவீடுகள், அதுல இருந்து பொறுக்கி எடுத்த ஏழு. அந்த டேட்டாவுக்குப் பொருந்தும். புது நோயாளிகளுக்கும் பொருந்துமான்னு தனியா நிரூபிச்சாதான் நம்பணும். இன்னைக்கு வரைக்கும் அது ஆஸ்பத்திரிகள்ல வழக்கமான டெஸ்டா ஆகல.

ஜெயிச்ச டெஸ்ட், வளர்ற டெஸ்ட்

எல்லாக் கதையும் தோல்வி இல்ல. மெம்பரனஸ் நெஃப்ரோபதின்னு இன்னொரு கிட்னி நோய் இருக்கு. 2009-ல பாஸ்டன் ஆய்வாளர்கள், அந்த நோய் இருந்த 37 பேர்ல 26 பேரோட ரத்தத்துல பி.எல்.ஏ.2.ஆர். என்ற புரதத்தைத் தாக்குற ஆன்டிபாடியைக் கண்டுபிடிச்சாங்க. அதாவது பேத்தையோட பேரே தெரிஞ்சுபோச்சு. மாற்று சிகிச்சைக்கு முன்னாடி அந்த ஆன்டிபாடி அளவு அதிகமா இருந்தா, நோய் திரும்புற ஆபத்து கூடுதல். அதனால அந்த நோயாளிகளுக்கு மாற்று சிகிச்சைக்கு முன்னாடியே இதை அளந்து பாருங்கன்னு சர்வதேச வழிகாட்டுதல்களே சொல்லுது. சூபார் தோத்த இடத்துல இது ஏன் ஜெயிச்சுது? கிட்னி கெட்டதால ஏறுற பொருள் இல்ல இது. கிட்னியைக் கெடுக்கற பொருளே இதுதான்.

எஃப்.எஸ்.ஜி.எஸ்.லயும் அப்படி ஒண்ணு கிடைக்குமா? இப்ப நம்பிக்கை தர்றது, முன்னாடி சொன்ன வலைக்கண்ணிப் புரதம் நெஃப்ரின். அதையே தாக்குற ஆன்டிபாடி சிலரோட ரத்தத்துல இருக்கு. இதுக்கு ஒரு முன்கதையும் உண்டு. பின்லாந்துல அதிகமா காணப்படற ஒரு பிறவி நோய்ல சில குழந்தைகளுக்கு நெஃப்ரினே உருவாகாது. அவங்களுக்குப் புது கிட்னி வெச்சா, வாழ்க்கையில முதல் தடவையா நெஃப்ரினைப் பார்க்கற உடம்பு, சிலருக்கு அதை எதிரியா நினைச்சு ஆன்டிபாடி உண்டாக்கிடும். புரதம் மறுபடி கொட்டும்.

2022-லயும் 2024-லயும் வந்த ஆய்வுகள், பிறவிக் குறை இல்லாதவங்ககிட்டயும் இந்த ஆன்டிபாடி இருக்குன்னு காட்டுச்சு. 2024 ஆய்வுல, நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் இருந்த குழந்தைகள்ல 52 சதவீதம் பேருக்கும், மினிமல் சேஞ்ச் நோய் இருந்த பெரியவங்கள்ல 44 சதவீதம் பேருக்கும் இருந்துச்சு. நோய் உக்கிரமா இருக்கும்போது அளவு ஏறுது, அடங்கும்போது இறங்குது. அதே வருஷம் ஜப்பான்ல இருந்து வந்த ஆய்வுல, மாற்று சிகிச்சைக்கு அப்புறம் எஃப்.எஸ்.ஜி.எஸ். திரும்பினவங்ககிட்ட இந்த ஆன்டிபாடி ரொம்ப அதிகமா இருந்துச்சு.

ஆனா ஒரு எண்ணை மட்டும் தவறவிடாதீங்க. அந்த 2024 ஆய்வுல எஃப்.எஸ்.ஜி.எஸ்.னு பேர் வாங்கின பெரியவங்கள்ல 9 சதவீதம் பேருக்குத்தான் இது இருந்துச்சு. அப்படின்னா, ஆன்டிபாடி இருந்தா அது வலுவான எச்சரிக்கை. இல்லைன்னா நிம்மதின்னு சொல்ல முடியாது. கடலுக்குள்ள வேற பேத்தைகளும் இருக்கு, அதுங்களுக்கு இன்னும் பேர் வைக்கல.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

நாளைக்கே ஒரு டெஸ்ட் வந்துடுச்சுன்னு வெச்சுக்கோங்க. இது என் கற்பனைக் கணக்கு. நோய் திரும்பப் போறவங்கள்ல 80 சதவீதம் பேரைப் பிடிக்கும். திரும்பாதவங்கள்ல 80 சதவீதம் பேரைச் சரியா விடுவிக்கும். கேட்க நல்லாத்தானே இருக்கு?

எஃப்.எஸ்.ஜி.எஸ். இருக்கற 100 பேர் மாற்று சிகிச்சைக்கு வர்றாங்க. 30 பேருக்கு நோய் திரும்பப் போகுது, 70 பேருக்குத் திரும்பாது. டெஸ்ட் அந்த 30-ல 24 பேரைப் பிடிக்கும். இந்த 70-ல 14 பேருக்குத் தப்பா அபாயம்னு சொல்லும். மொத்தம் 38 பேர் கையில அபாயச் சீட்டு. அதுல 14 பேருக்கு, கிட்னி வெச்சிருந்தா நல்லாவே இருந்திருக்கும். அந்தச் சீட்டை நம்பி அம்மாவோட கிட்னி வேண்டாம்னு முடிவெடுத்தா, அந்த 14 பேரையும் காரணமே இல்லாம டயாலிசிஸ்ல உட்கார வைக்கறோம். இன்னொரு பக்கம், பயமில்லைன்னு சீட்டு வாங்கின 62 பேர்ல 6 பேருக்கு நோய் வந்துடும்.

எங்க ஊர்ல இதைப் புரிய வைக்க கிராஃப் வேண்டாம். காத்து எச்சரிக்கை வந்தா படகு கரையில நிற்கும். அன்னைக்குக் கடல் அமைதியா இருந்துட்டா ஒரு நாள் பிழைப்பு போச்சு. அப்படி நாலு தடவை ஆனா அஞ்சாவது தடவை எச்சரிக்கையை மதிக்கவும் தோணாது. இன்னொரு பக்கம் 2017 நவம்பர் கடைசியில வந்த ஒக்கி புயல். எச்சரிக்கை வந்தப்ப எத்தனையோ பேர் ஏற்கெனவே ஆழ்கடல்ல இருந்தாங்க. தவறின எச்சரிக்கைக்கு ஒரு விலை, தவறான எச்சரிக்கைக்கு ஒரு விலை. அந்த ரெண்டு விலையையும் கொடுக்கறது டெஸ்ட் கண்டுபிடிச்சவர் இல்ல, படகுல இருக்கறவர்.

அதனாலதான் சர்வதேச வழிகாட்டுதல் தெளிவா ஒண்ணு சொல்லுது. எஃப்.எஸ்.ஜி.எஸ்.ங்கற காரணத்துக்காக ஒருத்தருக்கு மாற்று சிகிச்சையை மறுக்கக் கூடாது. ஆபத்தைப் பேசிப் புரிய வைக்கணும்.

அப்ப இன்னைக்கு என்னதான் பண்ணலாம்?

முதல் விஷயம், ஜீன் டெஸ்ட். இதுவும் ரத்தம் எடுத்துத்தான் பண்றாங்க. குழந்தைகள், இளைஞர்கள்னா முக்கியம். போடோசின் மாதிரி ஜீன்கள்ல பிழை இருந்தா அது நூல் பழுது. அவங்களுக்கு நோய் திரும்புற வாய்ப்பு ரொம்பக் குறைவு. கூடவே இன்னொரு காரணமும் இருக்கு: கொடுக்கப் போற உறவினருக்கும் அந்தப் பிழை இருக்கான்னு தெரியணும். இந்தியாவுல உயிரோட இருக்கற உறவினர் கொடுக்கற கிட்னிதான் அதிகம்ங்கறதால, இது ரெண்டு பேரோட உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

ரெண்டாவது, பழைய வரலாறு. முன்னாடி வெச்ச கிட்னியும் இதே நோயால போயிருந்தா, அடுத்ததுலயும் திரும்புற வாய்ப்பு 80 சதவீதம் வரைக்கும் போகும். இந்த ஒரு தகவல், மேல சொன்ன பல ரத்த டெஸ்டுகளை விடப் பலமானது.

மூணாவது, அறுவைக்கு அப்புறம் சிறுநீர்ல புரதம் பார்க்கறது. ஆமாம், அந்தச் சாதாரண யூரின் டெஸ்ட்தான். கிரியாட்டினின் ஏறுற வரைக்கும் காத்திருந்தா நேரம் போயிடும். முதல் நாள்ல இருந்து புரதத்தைப் பார்த்துட்டே இருந்தா நோயைத் தொடக்கத்துலயே பிடிக்கலாம். பிடிச்சா வைத்தியம் இருக்கு. ரத்தத்துல இருந்து பிளாஸ்மாவை மாத்துறது, ரிட்டுக்ஸிமாப் மருந்து இப்படி. 2020-ல வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வுல, கிட்னி மாற்று செஞ்ச 11,742 பேரைச் சலிச்சு, உறுதியான எஃப்.எஸ்.ஜி.எஸ். இருந்த 176 பேரைப் பின்தொடர்ந்தாங்க. 57 பேருக்கு, அதாவது 32 சதவீதம் பேருக்கு நோய் திரும்புச்சு. சிகிச்சை எடுத்தவங்கள்ல பாதிக்கு மேல முழுசாவோ ஓரளவாவோ அடங்குச்சு. திரும்பினா எல்லாம் முடிஞ்சுதுன்னு இல்ல. ஆனா நோய் திரும்பினவங்கள்ல பலர் சில வருஷத்துல அந்தக் கிட்னியை இழந்துட்டாங்கங்கறதையும் சொல்லியாகணும்.

டாக்டர்கிட்ட கேட்க வேண்டியது இவ்வளவுதான்: எங்க நோய்க்கு என்ன காரணம்னு தெரியுமா? ஜீன் டெஸ்ட் தேவையா? எங்க நோய்க்கு நிரூபிக்கப்பட்ட ஆன்டிபாடி டெஸ்ட் இருக்கா? அறுவைக்கு அப்புறம் எத்தனை நாளைக்கு ஒரு தடவை புரதம் பார்ப்பீங்க? திரும்பினா முதல்ல என்ன செய்வீங்க, செலவைக் காப்பீட்டுத் திட்டம் ஏத்துக்குமா?

சித்தி சொன்னது

தம்பியோட ஜீன் டெஸ்ட் முடிவு வந்துடுச்சு. தெரிஞ்ச பிழை எதுவும் இல்ல. மத்த குடும்பங்களுக்கு இது நல்ல சேதி. எங்களுக்கு, நூல் பழுதுங்கற சுலபமான பதில் போயிடுச்சுன்னு அர்த்தம். மூணுல ஒண்ணுங்கறது அப்படியே நிற்குது.

நான் எல்லாத்தையும் சித்திக்கு விளக்கினேன். வலை, பேத்தை, 38 சீட்டு, எல்லாம். வேணும்னா மூளைச்சாவு அடைஞ்சவங்க தானம் பண்ற கிட்னிக்கு அரசாங்கப் பட்டியல்ல பதிஞ்சு காத்திருக்கலாம்னும் சொன்னேன். 2008-ல மாணவன் ஹிதேந்திரனோட உறுப்புகளை அவங்க பெற்றோர் தானம் பண்ணதுல இருந்து தமிழ்நாட்டுல அந்தத் திட்டம் வேகமெடுத்த கதையையும் சொன்னேன். பொறுமையா கேட்டாங்க.

"அப்ப மூணுல ரெண்டு பேருக்கு வரலல்லா?"

"ஆமா சித்தி."

"வந்தாலும் சீக்கிரம் பாத்தா மருந்து இருக்குல்லா?"

"இருக்கு. எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது."

"அது போதும்யா. தெரியாம குடுக்கதுக்கும் தெரிஞ்சு குடுக்கதுக்கும் வித்தியாசம் இருக்குல்லா. இப்ப தெரிஞ்சு குடுக்கேன்."

அறுவைக்குத் தேதி குறிச்சாச்சு. தம்பி ஒரு நோட்டு வாங்கி, தேதி ஒரு பக்கம், புரதம் எவ்வளவுன்னு ஒரு பக்கம் கோடு போட்டு வெச்சிருக்கான். முதல் பக்கம் இன்னும் காலியா இருக்கு.

உங்க வீட்டுல யாராவது இந்தப் பாதையில இருந்தா இந்த எபிசோடை அனுப்புங்க. நான் டாக்டர் இல்ல, முடிவை உங்க நெஃப்ராலஜிஸ்ட்கிட்ட உட்கார்ந்து பேசி எடுங்க. பேப்பரைப் பிரிண்ட் எடுத்துட்டுப் போறதுல தப்பில்ல, ஆனா அவங்க திருப்பிக் கேட்கற கேள்விக்கும் காது கொடுங்க. அடுத்த எபிசோட்ல மறுபடி சர்வர் பக்கம் போவோம். அது வரைக்கும், வர்றேன்.